ஆரஞ்சு வாசனை

மவுன் நகரில் சஃபாரி வண்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனியில் சாப்பாட்டுப் பெட்டி கட்டுபவள் ஒராட்டிலே. ஆரஞ்சு வாசனைக்கு யானை வண்டியையே பிளந்துவிடும் என்று விருந்தினரை எச்சரிப்பதும் அவள்தான். ஆனால் வழிக்குத் தின்ன ஏதாவது கொடுக்காமல் யாரையும் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. கைகோத்து வந்த அந்த வயதான தம்பதியின் பெட்டியில் தன் ஆரஞ்சுகளை யோசிக்காமல் செருகிவிட்டாள். வண்டி காட்டுக்குள் போன பிறகுதான் உறைத்தது. அங்கே போன் கிடைக்காது.

கதவு பிய்ந்து வண்டி திரும்பியது. இருவருக்கும் காயமில்லை. ஆனால் மனைவி பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் வாங்கலங்க."

"பின்ன யானையே வாங்கிட்டு வந்துச்சா?" கிழவர் ஒராட்டிலே பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஆரஞ்சு கூடாதுன்னு இவகிட்ட சொன்னியா இல்லயா?"

ஒராட்டிலே பிய்ந்த கதவைப் பார்த்தாள். "சொன்னேன் ஐயா."

"அப்ப நான்தான் வாங்கி வச்சு மறந்துட்டேன் போல," என்றாள் அந்தம்மாள், மெதுவாக. "இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கமாட்டேங்குது."