ஸ்கூட்டர் உள்ளே நிற்கிற மெஸ்

1. நாலு பேரும் ஒரு ‘நோன்’னும்

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் வாசல். நல்ல மதிய வெயில். வீல்சேரில் என் கஸ்டமர். அவரைச் சுற்றி நாலு ஆண்கள் குனிந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "பாத்து, பாத்து, மேல்படி உசரம்" என்று கல்லாவில் இருந்தவர் குரல் கொடுத்தார். கஸ்டமர் இரண்டு பக்கத்து பிரேக்கையும் இறுக்கிப் போட்டு, கைப்பிடியில் ஓங்கித் தட்டி, "நோன்" என்றார்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் அது ‘வேண்டாம்’ என்று புரிந்துவிட்டது. நாலு பேரும் சூடு பட்டது போலக் கையை எடுத்தார்கள். அதில் ஒருவர் பரோட்டா மாஸ்டர். முகம் சுண்டிப்போய் என்னிடம் கேட்டார்.

"கீழ போட்டுருவோம்னு பயப்படறாரா மேடம்? மைதா மூட்டையே தூக்குறவங்க நாங்க."

"அதாங்க அவருக்கும் பிரச்சினை," என்றேன்.

நான் செலின். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசுகிற கைடு. தலை நரைத்த பிறகும் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்தத் தெருவுக்கு யார் பேர், எந்தக் கட்டிடம் எப்போது கட்டியது என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. போனில் இல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

2. ஷோர் டிரிப்

பெரிய சொகுசுக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்தில் நிற்கும். அதிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றி, ஈ.சி.ஆர். வழியாகக் கொண்டுவந்து, ஊரைக் காட்டி, சோறு போட்டு, சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இதற்குப் பேர் ஷோர் டிரிப். லேட் ஆனால் கப்பல் நமக்காக நிற்காது. சென்னை ஆபீசில் இருக்கிற எங்கள் மேனேஜர் இதைத் தினமும் நமக்குப் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார்.

அன்றைக்கு எனக்கு வந்தது ஒரே ஒரு ஜோடி. முசியே ஃபெலிக்ஸ், அவர் மனைவி மதாம் ஓதில். கரீபியன் கடலில் இருக்கிற குவாதலூப் தீவுக்காரர்கள். அங்கேயும் பிரெஞ்சுதான். அங்கேயும் இது போலக் கப்பல் வந்து நிற்குமாம். துறைமுகத்துக்கு எதிரே ஃபெலிக்ஸ் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தியவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு கால் பேருக்கு இருக்கிறது. ஆனால் தோள் இரண்டும் மரம் அறுக்கிறவர் தோள். கைகளை ஊன்றி, தானே வீல்சேரிலிருந்து வேனின் முன்சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். டிரைவர் சேகர் உதவிக்குக் கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். சேகருக்கு அவரை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மதாம் செலின், கோயில் வேண்டாம், சர்ச் வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்கள் மத்தியானம் சாப்பிடுகிற கடையில் ஒரு வேளை சாப்பிட வேண்டும்."

"அதற்கென்ன, ஒரு நல்ல ஓட்டல் சொல்லி வைத்திருக்கிறேன். ரேம்ப் இருக்கிறது."

"யார் சாப்பிடுவார்கள் அங்கே?"

கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் இருக்கிற அந்த ஓட்டலில் யார் சாப்பிடுவார்கள் என்று எனக்கே தெரியும். போய்ச் சேர்ந்தோம். அவர் வாசலிலிருந்தே உள்ளே பார்த்தார். அவர் கப்பலில் வந்தவர்களே ரெண்டு மேசை நிறைய உட்கார்ந்து கை ஆட்டினார்கள்.

"வருஷக்கணக்காக டூரிஸ்ட்டுகளுக்குச் சமைத்தவன் நான். முன்பக்கம் அவர்களுக்கு ஒன்று போடுவோம், பின்பக்கம் நாங்கள் ஒன்று சாப்பிடுவோம். எனக்குப் பின்பக்கத்துச் சாப்பாடு வேண்டும்," என்றார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார். "தள்ளலாம். தூக்கக் கூடாது. தள்ளினால் நான் வருகிறேன். தூக்கினால் என்னைக் கொண்டுவருகிறார்கள்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டேபிள் சொல்லி வைத்தவள் நான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் மனதில் உட்கார்ந்துவிட்டது.

3. "தூக்கிடலாம் மேடம்"

தெரிந்த மெஸ்ஸுக்கெல்லாம் போன் போட்டேன். "வீல்சேர்ல ஒருத்தர் வர்றார், உள்ள வர முடியுமா?"

"தாராளமா வாங்க. பசங்க இருக்காங்க, தூக்கிடலாம்."

"எவ்ளோ வெயிட் இருப்பாரு? அதெல்லாம் தூக்கிடலாம்."

"கீழ எதுக்கு மேடம், மாடில ஏ.சி. ரூமே இருக்கு. அப்டியே மாடிக்கே தூக்கிட்டுப் போயிடலாம்."

ஒருவர்கூட ‘முடியாது, வராதீங்க’ என்று சொல்லவில்லை. அதுதான் நம்ம ஊர். எங்கேயாவது ஒரு வீல்சேர் படிக்கு முன்னால் நின்றால் போதும், பழக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், யார் யாரோ ஓடி வருவார்கள். இந்த ஜனங்கள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஆனால் அன்றைக்கு அந்தப் பிரியம்தான் என் குறுக்கே நின்றது. தூக்க ஆள் இருக்கிற ஊரில் படியை யார் இடிக்கப் போகிறார்கள்?

மழைத் தண்ணி உள்ளே வரக் கூடாது என்று எல்லாக் கடையையும் உயர்த்திக் கட்டியிருக்கிறோம். தெரு, சாக்கடை, அதன் மேல் ஒரு ஸ்லாப், அப்புறம் மூன்று படி. மார்க்கெட் மெஸ்ஸில் பலகை போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் அவரை அங்கே கூட்டிப்போனேன். பலகை நடுவில் தொய்ந்தது. அதைப் பார்த்ததும் நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். மீதிதான் மேலே சொன்னேனே.

வேனுக்குத் திரும்பினோம். பரோட்டா மாஸ்டர் பின்னாலேயே வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். ஃபெலிக்ஸ் வாங்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். அவர் மேல் இவருக்குக் கோபமில்லை.

அப்போது மேனேஜர் போன். நடந்ததைச் சொன்னேன். "செலின், மணி என்னாச்சு? பார்சல் வாங்கி வேன்லயே குடுத்துடுங்க. ரிஸ்க் எடுக்காதீங்க."

"அவர் கேட்டது பார்சல் இல்ல சார்."

"எல்லாரும் எல்லாம் கேப்பாங்க. கப்பல் போயிடுச்சுன்னா நீங்களா அவரை குவாதலூப்ல கொண்டுபோய் விடுவீங்க?"

அவர் சொன்னதும் நியாயம்தான். போனை வைத்தேன். பார்சல் என்ற சொல் மதாம் ஓதிலுக்கும் புரிந்துவிட்டது. என் முழங்கையைத் தொட்டு, வேனுக்குப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஃபெலிக்ஸ் முதன்முதலாகத் தன் கடைக்குப் போனாராம். வாசலில் மூன்று படி. அவரிடம் வேலை பார்த்த பையன்களே ஓடி வந்து தூக்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார், ஒரு தட்டு சாப்பிட்டார், வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவே இல்லை. இப்போது மகள் நடத்துகிறாள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு தெருதான்.

"இந்தப் பயணத்தில் இன்றைக்குத்தான் வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார்," என்றார் ஓதில். "இதுவும் பார்சலாகப் போனால் இனி எங்கேயும் கேட்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

எத்தனையோ பேருக்கு ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஒரு மனுஷன் சோற்றுக்கடைக்குள் போக வழி காட்ட முடியவில்லை என்றால் நான் என்ன கைடு?

4. வண்டி எங்கே நிற்கும்

"சேகர், வண்டிய முத்தியால்பேட்டைக்கு விடு. என் வீட்ல ஏதாவது பண்ணிப் போடறேன்," என்றேன்.

"வீட்ல என்னக்கா இருக்கு?"

"நேத்து வெச்ச சாம்பார்."

"கடல் தாண்டி வந்தவருக்கு நேத்து சாம்பாரா?" என்று சிரித்தான். "அது போவட்டும். உங்க வீட்லயும் மூணு படி இருக்கே?"

"படி இருந்தா என்னா? பக்கத்துல வண்டி ஏத்துற சரிவு இருக்குல்ல? என் வீட்டுக்காரர் தினம் அதுலதான ஸ்கூட்டர..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டேன். சேகர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

நம்ம ஊரில் மனுஷனுக்குப் படி. டூவீலருக்குச் சரிவு. வெயிலில் சீட் கிழியக் கூடாது, ராத்திரி எவனும் தள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்துகிறவர்கள் நாம். அதற்காகப் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவு போடாத வீடு முத்தியால்பேட்டையில் அபூர்வம். தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். வீல்சேர் என்று கேட்டால் யாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கும்தான்.

"வீட்டுக்கு வேணாம்க்கா," என்றான் சேகர். "வீட்டுக்குப் போனா விருந்தாளி ஆயிடுவாரு. அவரு கடைதான கேட்டாரு? வள்ளியக்கா மெஸ்ல ஸ்கூட்டர் உள்ளதான் நிக்கும். கை கழுவப் போனாலே நம்ம பேன்ட்ல உரசும்."

வள்ளி எங்கள் பக்கத்துத் தெருவில் மெஸ் வைத்திருப்பவள். போன் போட்டேன்.

"வள்ளி, வீல்சேர்ல ஒருத்தர கூட்டிட்டு வர்றேன்."

"அதுக்கென்னக்கா, வாங்க, தூக்கி..."

"தூக்க வேணாம். உன் வண்டி எங்க நிக்குது?"

"என் வண்டியா? வாஷ்பேசின் பக்கத்துல. ஒரு தடவ வாசல்ல வெச்சது காணாம போச்சே, அதுலேர்ந்து உள்ளதான்."

"சரிவு அகலமா இருக்கா?"

"தண்ணி கேன் போடறவன் தள்ளுவண்டியே அதுலதான் வருது. என்னக்கா இன்னிக்கு ஒரு மாதிரி கேக்கறீங்க?"

"வண்டிய வெளிய எடுத்து வை. வந்துட்டே இருக்கோம்."

5. சங்கரா மீன் குழம்பு

நாங்கள் போனபோது வள்ளியின் ஸ்கூட்டர் வெயிலில் நின்றது. சீட்டின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டிருந்தாள்.

சரிவு கொஞ்சம் செங்குத்து. ஃபெலிக்ஸ் அதைக் கீழிருந்து மேல்வரை ஒரு தடவை பார்த்தார். தலையை ஆட்டினார். பின்னால் சேகர் தள்ள, அவர் இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டினார். பாதி வரைக்கும் நன்றாகப் போனது. அங்கே சிமெண்ட் பெயர்ந்த ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. மேலே வாசலில் நின்ற வள்ளி பதறிப்போய்ப் பாய்ந்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேர் எச்சில் கையோடு எழுந்தார்கள்.

"வள்ளி, கைய எடு," என்று கத்திவிட்டேன். "யாரும் கிட்ட வராதீங்க."

அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வீல்சேர் சற்றுப் பின்னால் வந்தது. சேகர் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தான். ஃபெலிக்ஸின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு மூச்சு இழுத்து உருட்டினார். குழியைத் தாண்டி, நிலையைத் தாண்டி, உள்ளே போய்விட்டார்.

யாரும் கை தட்டவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் ஓதிலுக்கும்தான் தெரியும். எழுந்தவர்கள் உட்கார்ந்து ரசத்தைத் தொடர்ந்தார்கள்.

சுவரோரம் கடப்பாக்கல் மேடை. மேடைக்குக் கீழே தாங்குகால் எதுவும் இல்லை. ஒரு ஸ்டூலை எடுத்ததும் வீல்சேர் அதனடியில் அழகாகப் போய் நின்றது. வள்ளி இலை போட்டாள். காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த சங்கரா. ஃபெலிக்ஸ் குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். "வெந்தயம். புளி. தேங்காய் இல்லை," என்றார். நான் தமிழில் சொன்னேன். "தேங்கா போட்டா மறுநாள் தாங்காதுன்னு சொல்லுங்க," என்றாள் வள்ளி. அதோடு ரெண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பிரெஞ்சில் கேட்க, அவள் தமிழில் சொல்ல, நடுவில் நான் சாப்பிட முடியாமல் மொழிபெயர்க்க. அவர்கள் தீவிலும், அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள் கொண்டுபோன மசாலா உண்டாம். ஆனால் இவ்வளவு புளிப்பு இல்லையாம்.

அப்போது சாம்பார் வாளியோடு ஒரு அம்மா வந்தார்கள். வீல்சேரின் பின்சக்கரம் நடக்கிற வழியை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, வழிய அடைச்சிட்டு உக்காந்திருக்கீங்க," என்றார்கள். சலித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தார். அப்படியே மொழிபெயர்த்தேன், சலிப்பையும் சேர்த்து.

அவர் சிரித்த சிரிப்பில் மேடை மேல் இருந்த டம்ளர் ஆடியது. "பார்தோன் மதாம்," என்று சொல்லி, சக்கரத்தைத் தானே பிடித்து ஒரு சாண் நகர்ந்துகொண்டார். சாம்பார் வாளி தாண்டிப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

6. திரும்பும் வழியில்

வேன் ஊரைத் தாண்டியதும் கேட்டார். "இந்தக் கடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" ஸ்கூட்டர் விஷயத்தைச் சொன்னேன். உப்பளங்களைத் தாண்டும்போது அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அங்கே இன்னும் விடியவில்லை. ஆனால் கடைக்காரப் பெண், எழுந்துதான் இருந்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"உன் ஸ்கூட்டரை எங்கே வைக்கிறாய்?"

"ஏன் அப்பா, என்ன ஆயிற்று?"

"எங்கே வைக்கிறாய், சொல்."

"சமையலறையில்தான். பின்வாசல் சரிவில் ஏற்றி. நீங்கள்தானே அப்பா அந்தச் சரிவைப் போட்டுக் கொடுத்தீர்கள்?"

அவர் போனை மடியில் வைத்தார். மதாம் ஓதில் பின்சீட்டிலிருந்து கை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். சேகருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் வேனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டான்.

கப்பலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேனேஜர் அதை மட்டும்தான் கேட்டார்.

கைடு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ‘வீல்சேர் வருமா’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம்ம ஜனங்களின் பதில் எப்போதும் ‘தூக்கிடலாம்’ என்பதுதான். ‘உங்க வண்டி எங்க நிக்கும்’ என்று கேளுங்கள். வள்ளி இப்போது அந்தக் குழியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து மதாம் ஓதில் ஒரு போட்டோ அனுப்பினார். கடையின் பின்பக்கம். சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று வெயிலில் நிற்கிறது. திறந்த கதவு வழியாக உள்ளே அடுப்பு தெரிகிறது. அதன் முன்னால் வீல்சேரில் உட்கார்ந்து, கரண்டியோடு, யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார் ஃபெலிக்ஸ்.