ஜெரால்டினின் கேக் டப்பா

ஜெரால்டின் வீட்டில் கேக் வெட்டுகிறவருக்குக் கடைசித் துண்டுதான். எந்தத் துண்டு தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன்தான் ஒழுங்காக வெட்டுவான் என்பது அவள் கட்சி. “இவ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னு, எல்லார்ட்டயும் ஒரே கேள்விதான் கேட்டீயளான்னு விசாரிப்பா” என்பார் கணவர் தேவநேசன். கேலிதான், ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

புனேயின் கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண் அவள். தமிழ் வீட்டுக்கு, ஹிந்தி காய்கறிக்கு, மராத்தி ரிக்‌ஷாக்காரரோடு சண்டைக்கு என்று நாக்கைப் பங்கு போட்டு வைத்திருந்தாள். சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பது அவள் பொறுப்பு. வந்தவர்களையெல்லாம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்கள். யார் முதலில் பேசுவது? அதற்குத்தான் பழைய பிளம் கேக் டப்பா. புது வருஷத்தன்று சர்ச்சில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிற மாதிரி, கேள்விக்குக் கேள்வி அதிலிருந்து பெயர்ச் சீட்டு எடுப்பார்கள். பெயர் வந்தவர் ஆரம்பிக்க வேண்டும். முடிவையும் அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள்.

“வேல ஒருத்தருக்குத்தான் கெடைக்கும். மத்தவங்க வெறுங்கையோட போறாங்க. நியாயமா நடந்துச்சுங்கிற நெனப்பாவது அவங்ககூடப் போவட்டும்” என்பாள். பந்தியில் ஒருவருக்கு நெய்யும் இன்னொருவருக்கு வெறும் சோறும் விழுந்தால் அவளுக்குச் சாப்பாடே இறங்காது.

அன்றைக்கு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலைக்கு ஓர் ஆள் தேவை. வந்திருந்தது ஐந்து பேர். கேள்வி கேட்க ஜெரால்டினோடு ஸ்டோர் மேனேஜர் மாதவும், சரக்கு அனுப்பும் பிரிவின் மேனேஜர் கோகுல்நாத்தும் உட்கார்ந்திருந்தார்கள். கோகுல்நாத் கோயம்புத்தூரிலிருந்து வந்து வருஷம்கூட ஆகவில்லை. தங்கமான மனுஷன். தமிழ் காதில் விழுந்தால் மட்டும் ஆள் கரைந்துவிடுவார்.

“லாரி வழியில் நின்றுவிட்டது, வாடிக்கையாளர் போனில் கத்துகிறார், என்ன செய்வீர்கள்?” இதுதான் ஹிந்தியில் கேட்ட கேள்வி. நாலு பேர் சொல்லி முடித்தார்கள். ஐந்தாவதாக ஸ்ரீவித்யா வாயைத் திறந்தாள். அதற்குள் கோகுல்நாத் அவளுடைய பயோடேட்டாவைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, கோயமுத்தூருங்களா?”

“ஆமாங்க சார், சிங்காநல்லூருங்க.”

போச்சு. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட், அதற்கு எதிரே உள்ள பேக்கரி, சிறுவாணித் தண்ணீரின் ருசி என்று பேச்சு ஊரைச் சுற்றி வந்தது. மற்ற நாலு பேரும் ஒன்றும் புரியாதவர்கள்போல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதவ் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீவித்யாவுக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்தது. கோகுல்நாத் சந்தோஷமாகப் பத்துக்குப் பத்து போட்டார்.

ஜெரால்டின் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா சார்?”

“நம்மூர்ப் புள்ளைங்க மேடம். ரெண்டு வார்த்தை பேசுனது குத்தமுங்களா?”

“சரி, லாரி நின்னதுக்கு அவ என்ன பதில் சொன்னா?”

கோகுல்நாத் கையிலிருந்த மார்க் தாளைப் புரட்டினார். அதில் பத்து மட்டும்தான் இருந்தது.

“அவ வாயத் தொறந்தா, நீங்க ஊரப் பத்திக் கேட்டு மூடிட்டிய. பதில் சொல்லாதவளுக்கு நான் சைபர்தான் போட முடியும். நீங்க போட்டது மார்க்கு இல்ல சார், பாசம்.”

அவர் முகம் வெளுத்தது. “தப்பு என்னுதுங்க. அந்தப் புள்ளைய மட்டும் மறுபடி கேட்டுருவோம்.”

“மத்தவங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு அவ. இப்பக் கேட்டா அவங்களுக்கு அநியாயம். புதுக் கேள்வி, அஞ்சு பேருக்கும். எல்லாரும் மொதல்ல எழுதி மடிச்சு வைக்கட்டும், அப்புறம் வாசிக்கலாம். அதுக்கு முன்னால நீங்க மத்த நாலு பேர்ட்டயும் ஊரப் பத்திப் பேசணும். அதே அளவு.”

உள்ளே வந்து சொன்னதும் மாதவ் தலையில் அடித்துக்கொண்டார். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது.

கோகுல்நாத் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொருவரிடமும் தன் ஹிந்தியில் ஊர் விசாரித்தார். சாதாராவில் என்ன விளையும், லாத்தூரில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்றெல்லாம் கேட்டார். கடைசியில் ஜம்பு என்ற இளைஞனிடம் வந்தார்.

“இங்கே புனேவில்தான், ஏரவாடா சார்.”

“அதற்கு முன்னால்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

அவன் தமிழில் சொன்னான். “தாத்தா காலத்துலருந்தே ஏரவாடாதான் சார். ஊட்ல தமிழ்தான் பேசுவோம். தமிழ் எழுத்துதான் படிக்க வராது.”

“அட, அப்ப நாங்க பேசுனதெல்லாம்…”

“புரிஞ்சுது சார். கேள்வி அது இல்லியேன்னு சும்மா இருந்தேன்.”

கோகுல்நாத்துக்கு அந்த இடத்திலேயே கூசியது. கூச்சத்தில் அவர் கை பேனாவைத் திறந்து ஜம்புவின் பெயர் பக்கம் போனது. ஜெரால்டின் தாளின்மேல் கையை வைத்தாள். “மொதல்ல பதில் வரட்டும் சார்.”

புதுக் கேள்வி இது: வாடிக்கையாளருக்குத் தப்பான பெட்டி போய்விட்டது, முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள்? எழுதி, மடித்து, டப்பா சொன்ன வரிசையில் வாசித்தார்கள். மூன்று பேர் வாடிக்கையாளருக்கு என்றார்கள். ஜம்பு ஸ்டோருக்கு என்றான். ஸ்ரீவித்யா மட்டும், “இவருக்கு வர வேண்டிய பெட்டி வேறு யாருக்கோ போயிருக்கும். அதைப் பிரிக்க வேண்டாம் என்று முதலில் அந்த இன்னொருவருக்குப் போன் செய்வேன்” என்று எழுதியிருந்தாள். மாதவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்ட மூன்று பேரின் மார்க்கும் அவள் பக்கமே விழுந்தது.

ஸ்ரீவித்யாவுக்கே வேலை என்று ஜெரால்டின் எல்லார் முன்னாலும் சொன்னாள். வேலை சரியான ஆளுக்குத்தான் போயிருந்தது. ஆனால் காலையில் அந்த ஊர்க்கதையைக் கேட்ட நாலு பேரும் அதை நம்ப வேண்டுமே. அவர்களில் மூன்று பேர் எழுந்து போனார்கள். ஜம்பு மட்டும் கதவருகே நின்றான். கேட்கப் போகிறான், கோயமுத்தூர் என்பதாலா என்று கேட்கத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

“அந்த இன்னொரு பெட்டி எனக்குத் தோணவே இல்ல மேடம். அவுங்களுக்குத்தான் குடுக்கணும்” என்றான் அவன்.

 இப்படி ஒரு பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று ஜெரால்டினுக்கு இருந்தது. “அடுத்த வேல வந்தா ஒனக்குத்தான் மொதல்ல…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இங்கயே நில்லு” என்று அவனிடம் சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு படியிறங்கி கேட் வரை ஓடினாள். பஸ் ஏறப்போன மூன்று பேரையும் நிறுத்தி, மூச்சு வாங்க ஹிந்தியில் சொன்னாள்: அடுத்த வேலை வந்தால் நாலு பேருக்கும் ஒரே நாளில் போன் வரும்.

பிறகு மேலே ஏறிப் போய் அதையே ஜம்புவிடம் தமிழில் சொன்னாள்.