என் மகள் தொலைந்துபோன சாயங்காலம்

அன்பானவர்களே, என் மகள் எஸ்தருக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவளுடைய இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. அப்போது நாங்கள் கொச்சியில் மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் குடியிருந்தோம். என் கணவர் தினமும் போட் ஏறி எறணாகுளத்துக்கு வேலைக்குப் போவார். நான் பிள்ளையை இடுப்பில் சுமந்தேன். வைத்த இடத்தில் இருப்பாள்.

1959இல் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். தொடைவரை இரும்புக் கம்பி, தோல்வார், கனத்த பூட்ஸ். இனி நடந்துவிடுவாள் என்று துள்ளினேன். மாதங்கள் போயின. வார் உரசிக் கால் முழுக்கப் புண். ஊன்றுகட்டையோடு சுவரோரம் நிற்பாள், அழுவாள். அவ்வளவுதான்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களையும்போதும் ஜெபம், துணி பிழியும்போதும் ஜெபம். “கர்த்தாவே, இவளை நடக்க வையும்.” பதில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மிணிச் சேச்சி, “குட்டியை எதுக்கு இப்படிக் கஷ்டப்படுத்துறே? அதைக் கழட்டி வெச்சிடு மோளே” என்றார். நானும் அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மழைநாள் சாயங்காலம். எஸ்தரைக் காலிப்பரோடு வாசலில் நிறுத்திவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் இல்லை.

குடம் கைநழுவியது. யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே பக்கத்துக் காயலின் ஆழத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மழையில், கைவண்டிகளுக்கு நடுவே பைத்தியம்போல ஓடினேன். “ஆண்டவரே, அவள் நடக்கவே வேண்டாம். உயிரோடு திருப்பிக் கொடும், போதும்” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் எதிரே வந்தார்.

“சேட்டா, என் பிள்ளையைப் பாத்தீங்களா?”

“காலுல கம்பி போட்ட குட்டியா? போட் ஜெட்டிப் பக்கம் போச்சே.”

“யாரு தூக்கிட்டுப் போனாங்க?”

“யாரும் தூக்கலையே. தனியாத்தான் நடந்து போச்சு!”

அந்தச் சொல் எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

போட் ஜெட்டியில் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம். பாவாடை முழுக்கச் சேறு. விழுந்து விழுந்து எழுந்து வந்திருக்கிறாள்.

“ஏண்டி சொல்லாமப் போனே?”

“அப்பா வர்ற போட்டைப் பாக்கணும்னு தோணிச்சு. சொன்னா நீ தூக்கிட்டுல்ல வந்திருப்பே!”

அவளைத் தூக்க நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டேன். அந்த ஈரப் பலகைமேல் முழங்காலிட்டு அழுதேன். என் ஜெபத்துக்குப் பதில் வந்த நேரத்தில், அது வேண்டாம் என்றல்லவா கதறிக்கொண்டிருந்தேன்! ஆண்டவர் அதைக் கணக்கில் வைக்கவில்லை. என் பிள்ளையையும் தந்தார், அவள் நடையையும் தந்தார்.

போட் வந்தது, என் கணவர் இறங்கினார். அப்பாவும் மகளும் முன்னே நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

இன்று அவள் பள்ளிக்கூடத்துக்குத் தானாகவே போகிறாள். வரத் தாமதமானால் மனம் இன்னும் பதறும். அந்தப் பதற்றத்துக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லக் கற்றுக்கொண்டேன். கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோன தாய்மாரே, விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேடாத பக்கத்திலிருந்தும் அவர் பதில் தருவார். இன்னும் ஒருமுறை கேளுங்கள்.