பொற்கொடியின் பேரிக்காய் டீ

கண்ணாடித் தம்ளரைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் டீயின் வழியாக ராகுகாலத்தைப் படிக்கிறார் பொற்கொடி. ஞாயிற்றுக்கிழமையானால் நாலரை முதல் ஆறு வரை என்பது எழுத்து பிசகாமல் தெரிய வேண்டும். தெரிந்தால் டீ பாஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரை தெரிந்தது. ஆறு கலங்கலாக இருந்தது. "ரிஜெக்ட்டுங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பின்வாசல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். இத்தனை டீ குடித்த கறிவேப்பிலைச் செடி சிங்காநல்லூரில் வேறு இருக்காது.

பொற்கொடிக்கு ஐம்பத்து மூன்று வயது. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறார். முடிந்து வரும் பம்புக்குள் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். ஒரே ஒரு குமிழி மேலே வந்தாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போடுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியுமா? உழவர் சந்தையில் அவர் தலை தெரிந்தாலே தக்காளிக்காரர் பழத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டிவிடுகிறார். நான் அவர்கள் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருப்பவன். கொடியில் காயும் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "காலர் அழுக்குப் போகலீங்க சார், இன்னொரு தடவ அலசிப்போடுங்க" என்று கீழிருந்தே தீர்ப்பு வரும். நானும் மறுபேச்சுப் பேசாமல் அலசிப் போடுவேன்.

அவருடைய கணவர் மயில்சாமி, காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டீ. அதுவும் கொதிக்கக் கொதிக்க. டிரைவர் வண்டியைக் கிளப்புவதற்குள் குடித்து முடிக்க வேண்டும் என்று பழகிய தொண்டை. போன வருடம் அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கரண்ட் வைத்தே, அதாவது ரேடியேஷனிலேயே, கரைத்துவிடலாம் என்றார்கள். முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் "இனி ஒன்றும் இல்லை" என்று சொன்னபோது இந்த வீட்டுக்குப் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதி வரவில்லை. கட்டியோடு சேர்ந்து மயில்சாமியின் நாக்கு ருசியும் போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் களிமண்ணை மெல்கிற மாதிரி இருக்கிறது என்றார். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுபது கிலோ இருந்த மனிதர் ஐம்பத்திரண்டுக்கு வந்து நின்றார். ஐம்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் கஞ்சி ஊற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ருசி திரும்பி வருமா என்று பொற்கொடி கேட்டதற்கு, "பெரும்பாலும் வந்துவிடும், எப்போது என்று சொல்ல முடியாது" என்று பதில். தேதி போடாத பதிலை எந்த இன்ஸ்பெக்டர்தான் ஏற்றுக்கொள்வார்?

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இளவேனில்தான் போனில் வழி சொன்னாள். "அப்பாவுக்குச் சூடு ஆகாதுன்னா ஐஸ் டீ போட்டுக் குடும்மா. பழமும் உள்ள போகும், சக்கரையும் உள்ள போகும்." அவளுடைய ஆபீசில் அதைத்தான் குடிக்கிறார்களாம். பொற்கொடி முதல் நாள் எலுமிச்சம்பழம் பிழிந்தார். புண்ணான தொண்டையில் புளிப்புப் பட்டதும் மயில்சாமி எழுந்து கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தார். எலுமிச்சைக்கு ஒரு பெருக்கல் குறி. ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை எல்லாவற்றுக்கும் அதே கதி. கடைசியில் ஊட்டிப் பேரிக்காய் தேறியது. எரியவில்லை, உறுத்தவில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அவர் டீ போடுகிற முறையைச் சொல்லியாக வேண்டும். தூள் கூடாது, இலையாக இருக்கிற டீதான். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்கிறார். வாழ்நாளெல்லாம் டீயைப் பொங்கப் பொங்கக் காய்ச்சிய கைக்கு அந்த ஐந்து நிமிடம் சும்மா இருப்பது பெரிய தண்டனை; அப்போது மேடையைத் துடைத்த துணியால் மறுபடியும் மேடையைத் துடைப்பார். வடிகட்டியதும் நேராக ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும் என்று கண்டுபிடித்தது அவரேதான். வெளியிலேயே ஆறட்டும் என்று விட்டுவிடுவார். பேரிக்காயை மெல்லியதாகச் சீவி, சர்க்கரையோடு சிறுதீயில் வேகவைத்துப் பாகாக வடித்து ஒரு பாட்டிலில் வைத்திருப்பார். ஐஸ் கரைந்து டீ நீர்த்துப்போகிறது என்பதற்காக, டீயையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார். தண்ணீர் மட்டும் எங்கள் தெருத் தண்ணீர் இல்லை. போரிங் உப்புத் தண்ணீரில் போட்டால் டீ கறுத்துப்போகிறதாம். சிறுவாணித் தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கிற கம்பெனித் தோழி ஒருத்தி, இரண்டு லிட்டர் கேனில் பிடித்துக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

இத்தனை செய்கிறவர் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அதற்குத்தான் நான். "ஏனுங்க சார், சித்தெ கீழ வந்துட்டுப் போங்க. சேம்பிள் ரெடிங்க." நான் காப்பி குடிக்கிற ஆள். குளிர்ந்த டீ என்பதே எனக்கு மறந்துவிட்டுப் போன டீ மாதிரிதான். ஆனால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நிற்கிறவரிடம் அதைச் சொல்ல முடியுமா? குடித்துவிட்டு நல்லா இருக்கிறது என்பேன். "எல்லாத்துக்கும் இதையே சொல்றீங்க. எப்படி இருக்குதுன்னு வெவரமாச் சொல்லோணும்" என்று கண்டிப்பார். பாவம், சர்க்கரை வியாதி போலிருக்கிறது, அதனால்தான் தானே ருசி பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தப்பு நடந்தது. அன்றைக்குக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று பொற்கொடி அரக்கப்பரக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மயில்சாமி வாய் கொப்பளிப்பதற்காக உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்து வைத்த தண்ணீர் ஒரு பாட்டிலில் இருந்தது. பேரிக்காய்ப் பாகு இன்னொரு பாட்டிலில். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில். கை மாறிப் போய்விட்டது. ராகுகாலம் பளிச்சென்று தெரிந்ததால் டீ பாஸாகி, மயில்சாமிக்கு ஒரு தம்ளர், எனக்கு ஒரு தம்ளர் வந்தது. நான் ஒரு வாய் குடித்தேன். கடலில் டீத்தூள் போட்ட மாதிரி இருந்தது. "கொஞ்சம் வித்தியாசமா இருக்குதுங்க" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எதிரே நாற்காலியில் இருந்த மயில்சாமி, தம்ளரைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டு, "நெம்ப நல்லாருக்குது அம்மணி" என்றார்.

பொற்கொடி என் முகத்தைப் பார்த்தார். என் தம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். விரலை நனைத்து, நாக்கில் வைக்காமல், இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பாகாக இருந்தால் பிசுபிசுக்க வேண்டும், பிசுபிசுக்கவில்லை. மேடைக்குப் போய்ப் பாட்டில்களைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மூன்று மாதமாகக் கணவர் சொல்லிவந்த "நல்லாருக்குது" ஒன்றுகூட உண்மையில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று மயில்சாமியிடம் கேட்டேன். கரண்ட் வைத்த பிறகு அவருக்குக் குரல் பாதிதான். பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினார். "அவளுக்குச் சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. எனக்கு ருசி வர்ற வரைக்கும் இனிப்பத் தொடறதில்லைன்னு மருதமலைக்கு வேண்டிட்டிருக்கறா. புள்ள வேலையில சேந்ததுக்கு வாங்குன மைசூர்பாக்கைக்கூடத் தொடுலீங்க. எனக்கு வந்துருச்சுன்னு சொன்னாலாவது சாப்புடுவாள்ல?" ஒரு மனிதர் களிமண்ணைக் குடித்துவிட்டு அதற்காக நல்லா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுபடியும் கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

அதற்குப் பிறகு பொற்கொடி முறையை மாற்றினார். வாய்வார்த்தையை நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று தம்ளர். அடியில் நகப்பாலிஷால் புள்ளி வைத்திருப்பார். ஒரு புள்ளி இருந்தால் சர்க்கரை இல்லை, இரண்டு இருந்தால் அளவு, மூன்று இருந்தால் இரட்டைப் பாகு. மயில்சாமி குடித்துப் பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். "மூணும் நல்லாருக்குது" என்பார் அவர். "அந்தப் பேச்சே வேண்டாங்க மாமா. எதுல சக்கரை எச்சு? அதச் சொல்லுங்க." அவர் சும்மா ஒன்றைக் காட்டுவார். தப்பாக இருக்கும். ஏழு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. எடை ஐம்பத்தொன்றுக்கு வந்தது. பொற்கொடி எடை மிஷினைத் திருப்பி அடிப்பாகத்தை ஆராய்ந்தார். மிஷின்மேல் குற்றம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கீழே போனபோது மூன்று தம்ளரும் தயாராக இருந்தன. மயில்சாமி முதலாவதை ஒரு வாய் குடித்து வைத்தார். இரண்டாவதையும் குடித்து வைத்தார். மூன்றாவதை வாயில் வைத்ததும் நிறுத்தினார். மறுபடியும் ஒரு வாய் குடித்தார். மூக்கு சுருங்கியது.

"ஏன் அம்மணி, பாகுப் பாட்டிலையே கவுத்துட்டயா? திகட்டுது."

தம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தேன். மூன்று புள்ளி.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். பொற்கொடி இருபத்திரண்டு வருட இன்ஸ்பெக்டர். "ஒருக்கா பாஸானா பாஸ் இல்லீங்க சார், மூணுவாட்டி ஆகோணும்" என்று கணவரைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத் தம்ளர்களை இடம் மாற்றினார். மேடையெல்லாம் டீ சிந்தியது. மயில்சாமி திரும்பிக் குடித்தார். நடுவில் இருப்பதைத் தள்ளி வைத்தார். மூன்று புள்ளி. மறுபடியும் சுவர், மறுபடியும் இடமாற்றம். இந்த முறை அவர் முதல் தம்ளரிலேயே முகத்தைச் சுளித்துவிட்டார். பாதிக் குரலில் அவருக்கு வந்த கோபம் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

"ஆகாதுன்னு சொல்றனல்லோ? திருப்பித் திருப்பி அதையே குடுத்தா எப்படி? ஐஸையும் பாகையும் குடிச்சு வவுறு நெறையுமா? காலைல சுட்ட இட்லி இருக்குதா? கொண்டா, உப்புப் போட்டிருக்கறயான்னு பாக்கறேன்."

அவர் பக்குவமாகப் பிட்டு, தண்ணீரில் நனைத்து, இரண்டு இட்லி சாப்பிட்டார். உப்புக் கொஞ்சம் கம்மி என்றார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதெல்லாம் ரிஜெக்ட் என்பது இந்த வீட்டுச் சட்டம் என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொற்கொடி தம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். ஒரு புள்ளித் தம்ளரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். இரண்டு புள்ளித் தம்ளரைப் படியில் வைத்தார். மூன்று புள்ளித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே மருதமலை இருக்கும் திக்கைப் பார்த்து நின்றார். பிறகு அண்ணாந்து, ஒரே மூச்சில், மடக் மடக்கென்று குடித்தார். அடியில் தேங்கியிருந்த பாகை ஆட்காட்டி விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு, தம்ளரைத் தூக்கி, இன்னும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.