பாக்கியவதி சிஸ்டரின் கடல்

காலை ஆறு மணிக்குப் பாக்கியவதி சிஸ்டர் கடலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டிருப்பார். சிவகாசியில் ஏது கடல் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டு முன்னறை மேசைமேல், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சிறுநீரின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவை ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தண்ணீரில் விட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஆயிரத்து இருபத்தஞ்சு. நார்மல்" என்று கேஸ் சீட்டில் எழுதுவார். நோயாளி பெயர் என்ற இடத்தில் 'நட்சத்திர மீன், வயது தெரியாது' என்றிருக்கும்.

தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து வருகிறது. தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி டிரைவர் சண்முகவேல், இரண்டு பீங்கான் ஜாடிகளில் கொண்டுவந்து கொடுப்பார். குடிதண்ணீருக்கே குடத்தை வரிசையில் போட்டுக் காத்துக்கிடக்கிற ஊரில் உப்புத் தண்ணீரை லாரியில் வரவழைத்தால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? காற்றுக்கு ஒரு பழைய லாரி டியூப். சைக்கிள் பம்பால் அடித்து, குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர்க் குழாயை மாட்டிக் கிளிப்பைத் தளர்த்தினால் மெல்ல மெல்லக் குமிழி வரும். "பேஷன்டுக்கு டியூப் போட்டிருக்கு, சத்தம் போடாதீக" என்பார். தொட்டிக்குக் கிட்டே போக வேண்டுமானால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவினாலும் தொட விடமாட்டார். பக்கத்து வீட்டுக்காரன், காலண்டர் பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறவன் நான். இரண்டு வருஷமாகக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் வந்த மூன்று நட்சத்திர மீன்களும் செத்துப்போயின. நாலாவது, வலையில் சிக்கி ஒரு கை அறுந்து வந்தது. அந்த மொட்டையில் கை திரும்ப முளைக்க ஆரம்பித்ததும் சிஸ்டர் ஆளே மாறிப்போனார். பன்னிரண்டு வருஷமாகத் தீக்காய வார்டில் நர்ஸாக இருக்கிறவர். பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து வருகிற கைகளுக்குக் கட்டுப் போடுகிறவர். "மனுசனுக்குக் கொடுக்காததை ஆண்டவர் இதுக்குக் கொடுத்திருக்காரு பாத்தீகளா" என்றார் ஒருநாள். சந்தோஷமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போய்வந்ததும் ஸ்கேல் வைத்து அந்தக் கையை அளக்கிறார்.

போன மாதம் பயிற்சிக்கென்று நாலு நாள் மதுரைக்குப் போக வேண்டி வந்தது. தொட்டியை எதிர்வீட்டு ஆவுடைத்தாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவள் ஆவுடைத்தாய். கட்டுப் போட்டது சிஸ்டர்தான். இப்போதும் அதே கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். இந்தக் கம்பெனி வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: குழம்புக்குப் போடுவது கறியுப்பு, வெறுமனே உப்பு என்றால் மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு.

சிஸ்டர் திரும்பி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஆவுடைத்தாய் பெருமையோடு சொன்னாள்: "தண்ணி ரெண்டு விரக்கடை வத்திப்போச்சு சிஸ்டர். வெறுந்தண்ணி ஊத்தினா சப்புனு போயிருமேன்னு உப்புக் கரைச்சு ஊத்திட்டேன்."

"எந்த உப்பு?"

"உப்புத்தான்."

சிஸ்டர் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நட்சத்திர மீன் மூலையில் கைகளைச் சுருக்கிக் கிடந்தது. சிஸ்டர் தொட்டியில் விரலை முக்கி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெடியுப்பு நாக்கில் சில்லென்று இருக்கும், பின்னால் கசக்கும்.

"கறியுப்பு" என்றார் கண்ணைத் திறந்து.

"பின்ன? உசுரு கிடக்கிற தொட்டியில கம்பெனி உப்பையா போடுவேன்? வாய்ப் பளக்கத்துல சொல்லிட்டேன் சிஸ்டர்."

ஆனால் கறியுப்பும் அதிகம்தான். வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போக மறந்தது சிஸ்டரின் பிழை. மிதவை ஆயிரத்து முப்பத்து மூன்று காட்டியது. ஆவுடைத்தாய் ஓடிப்போய், காலையில் வரிசையில் நின்று பிடித்த குடத்தை அப்படியே தூக்கிவந்தாள். சிஸ்டர் குளுக்கோஸ் பாட்டிலில் அதை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். சாயங்காலம் மிதவை இருபத்தாறுக்கு இறங்கியதும், நட்சத்திர மீனை மல்லாக்கப் போட்டார். உயிர் இருந்தால் புரண்டு குப்புறத் திரும்பும். மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தை, நாடி பார்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் அசைவே இல்லை. ஏழாவதில் அந்தப் பாதி வளர்ந்த கையின் நுனி மடங்கியது, அடிக்கண்ணாடியைப் பற்றியது. பிறகு மற்ற கைகளும் ஒவ்வொன்றாக வளைந்து, உடம்பு புரண்டது.

"நார்மல்" என்றார் சிஸ்டர். குரல்தான் நார்மலாக இல்லை. அப்பாடா என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆவுடைத்தாய் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"இங்கன வா" என்றார் சிஸ்டர். அந்தக் கையை வெளியே இழுத்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, மிச்சமிருந்த மூன்று விரல்களின் இடுக்கெல்லாம் தேய்த்து, மூன்று தரம் அலசினார். பிறகு மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கி, நட்சத்திர மீனுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து வைத்தார்.