முதலை வேடத்தில் என் மகள்

என் மகளுக்கு ஏழு வயதானபோது அவள் படித்த பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், பிள்ளைகள் பேயாகவோ மிருகமாகவோ வேடம் போட்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ரங்கூனில் இதெல்லாம் புதுப் பழக்கம். அந்த வாரம்தான் பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்து ஒரு கடையின் முகப்பே போயிருந்தது. பிள்ளைகளைப் பயமுறுத்தப் பேய் வேறு வேண்டுமா என்று நினைத்தேன். மகளோ முதலையாகத்தான் போவேன் என்று முடிவு செய்துவிட்டாள்.

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் என் கணவர் தாய்லாந்துக்குப் போய்விட்டார். நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். புதுத் துணி வாங்கித் தைப்பதை நினைக்கவே முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை நகரத்தின் நடுவே பபேடான் கடைவீதியில் பழைய துணி மூட்டை பிரிக்கிற நடைபாதைக்குப் போனேன்.

ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற மூட்டைகள் அவை. கட்டை அறுத்து உதறியதும் பெண்கள் பாய்வார்கள். எனக்கு ஒரு பச்சைக் கோட்டின் கை கண்ணில் பட்டது. கனத்த துணி, முதலைத் தோலுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. இழுத்தேன். மற்றொரு கையை வேறொருத்தி பிடித்திருந்தாள். தோள்பட்டைத் தையல் படபடவென்று பிரிந்தது. அவள் என் மணிக்கட்டில் நகத்தைப் பதித்தாள். நான் முழங்கையால் அவள் நெஞ்சில் இடித்தேன். என்னைவிட வயதானவள், அப்படியே பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கிவிடவில்லை. கோட்டோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் அவள் நகம் பட்ட இடத்தில் ரத்தம் கசிவதைப் பார்த்தேன். அந்த வருடங்களில் யோசிப்பதற்கு முன்னால் கை போய்விடும். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

மின்சாரம் இருந்த நேரம் பார்த்து மூன்று சாயங்காலம் கையாலேயே தைத்தேன். முட்டை அட்டையை வெட்டிப் பச்சை பூசி முதுகில் முள்ளாக ஒட்டினோம். மீன் பெட்டியின் வெள்ளைத் தெர்மோகோலில் பற்கள். பழைய தலையணைப் பஞ்சை வாலில் அடைத்து, அது தொங்காமல் இருக்க உடைந்த குடையின் கம்பி ஒன்றை உள்ளே விட்டேன். தாடையை அட்டைப் பெட்டியில் செய்தோம். கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும். அதை மகள் நூறு முறையாவது இழுத்துப் பார்த்திருப்பாள்.

அவளைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போனவர் கீழ்வீட்டு டாக்சிக்காரர். பர்மியர். நானும் மகளும் அவரை அகோ, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அன்று காலை வாலோடு அவளால் உட்கார முடியவில்லை. பின் இருக்கையில் முட்டி போட்டு நின்றாள். வழியெல்லாம் அகோ கண்ணாடியில் அவளைப் பார்த்து, தன்னைத் தின்றுவிட வேண்டாம் என்று கெஞ்சுவதுபோல் நடித்துக்கொண்டே ஓட்டினார். அன்று கூடப் போன நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேம்பாலத்துக்குக் கீழே முந்தின நாள் இல்லாத தடுப்பு ஒன்று இருந்தது. மணல் மூட்டைகள், இரண்டு லாரிகள். மீசை கூட முளைக்காத ஒரு சிப்பாய் பின் ஜன்னலில் குனிந்து பார்த்தான். மகள் கயிற்றை இழுத்து வாயைத் திறந்து உறுமினாள்.

அவன் திடுக்கிட்டுப் பின்வாங்கியதில் தலைக்கவசம் கதவுச் சட்டத்தில் இடித்தது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். அகோ சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, வழியெல்லாம் சிரித்த அதே சிரிப்பின் மிச்சம்தான்.

சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள். துப்பாக்கிக் கட்டையின் முதல் அடி இடது காதில் விழுந்தது. தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவர் முட்டி போட்டார். இரண்டு பேர் பூட்ஸ் காலால் முதுகிலும் விலாவிலும் மிதித்தார்கள். அவர் கத்தவில்லை. தப்புதான், தப்புதான் என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பர்மியில் அலறினாள்.

"அகோவை அடிக்காதே. நான்தான் பண்ணேன்."

அந்த இளம் சிப்பாயின் துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியது. நான் அவளை உள்ளே இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். அவள் நிறுத்தவில்லை. மறுபடி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, அலறல் நின்றது. நின்ற பிறகும் இன்னொரு முறை அறைந்தேன்.

அவர்களில் மூத்தவன் நடந்து வந்தான்.

"கலாமா, இறங்கு."

இந்தியப் பெண்களை இழிவாகக் கூப்பிடும் சொல் அது. நான் பிறந்த இந்த ஊரிலேயே அதைக் கேட்டுப் பழகியிருந்தேன். மகளையும் இறக்கிக்கொண்டு இறங்கினேன். பச்சைத் துணி எங்கே கிடைத்தது, யாருடைய சீருடை என்று கேட்டான். பழைய துணி மூட்டையில் கிடைத்தது, பிள்ளைக்குப் பள்ளியில் வேடம் என்று சொன்னேன். வாலை அமுக்கிப் பார்த்தவன் கையில் கம்பி தட்டுப்பட்டது. அது குடைக் கம்பி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கத்தியை எடுத்துவிட்டான். மகளைத் திருப்பி நிறுத்திக் கழுத்திலிருந்து இடுப்பு வரை கோட்டைக் கீறினான். உள்ளே அவள் போட்டிருந்த பள்ளிச் சட்டையும் கொஞ்சம் கிழிந்தது. தோலில் படவில்லை. வாலைப் பிய்த்துத் தரையில் போட்டுத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் குத்திப் பஞ்சை வெளியே எடுத்தார்கள். மகள் அசையவே இல்லை, அழவும் இல்லை.

போகச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்து, "பிள்ளையை அடக்கி வளர்க்கிறாய். நல்லது" என்றான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அகோதான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வீடு வரை ஓட்டி வந்தார். விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிந்து சட்டைக்குள் போயிற்று. மகள் எனக்கு எட்டாத தூரத்தில், கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு அந்தக் காதில் கேட்கும் திறன் போய்விட்டது. விலாவில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. தினமும் சோறு எடுத்துக்கொண்டு போனேன். நான்காம் நாள் அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "உங்க பிள்ளை மேல எங்களுக்குக் கோபமில்லை. ஆனா இனிமே அவரைக் கூப்பிடாதீங்க" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

தொலைபேசியில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அடிக்காவிட்டால் சுட்டிருப்பார்கள், செய்தது சரிதான் என்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பாதியிலேயே வைத்துவிட்டேன்.

உதடு ஆறிய பிறகு ஒரு சாயங்காலம் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மகள் தமிழில் கேட்டாள். வீட்டிலும் பர்மியே பேசுகிறவள் அவள்.

"அவங்க அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீ ஏம்மா அடிச்சே?"

துப்பாக்கி அவள் பக்கம் திரும்பியதைச் சொன்னேன்.

"நான் வாயை மூடின பிறகும் அடிச்சே."

தெரியலை என்றேன். அதைத் தவிர உண்மையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அழவில்லை. பிறகு, மற்றப் பக்கமும் பின்னிவிடச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிக்கு இருவரும் நடந்து போகிறோம். தெரு கடக்கும்போது அவளாகவே என் கையைப் பிடிக்கிறாள். கடந்ததும் விட்டுவிடுகிறாள்.