அரை நிமிஷம் லேட்டு

என் அக்கா புருஷன் நடனசபாபதி இருபத்தொன்பது வருஷம் டிவியில் கிரிக்கெட் கேட்டவர். பார்த்தவர் இல்லை. அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி என்னிடம் வந்து கேட்க வேண்டியதில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே நான், மாடியில் அக்கா அமிர்தமும் மாமாவும். மாமா கடலூர் - சிதம்பரம் தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தொண்ணூற்றாறில் தெருவில் பெரிய டிவி எங்கள் வீட்டு டிவிதான். இலங்கையோடு உலகக் கோப்பை அரையிறுதி. பாதித் தெரு எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தது, மீதித் தெரு ஜன்னலில். இந்தியா ஒரு விக்கெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த நேரம் பார்த்து மாமா டூட்டி முடிந்து தோல்பையோடு வந்தார். செருப்பைக் கழற்றினார். சுவரோரமாக உட்கார்ந்தார். எட்டு விக்கெட்டுக்கு நூற்றிருபது.

ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது நான் வாயைத் திறந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

"மாமா, கொஞ்சம் வெளிய நில்லுங்களேன். நீங்க வந்து உக்காந்ததுலேர்ந்துதான் இப்பிடிப் போவுது."

அவர் கோபப்பட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவரோ எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றார். அவர் போன பிறகும் விக்கெட் விழுந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலையில் மார்க்கெட் வரைக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த மேட்சுக்கு யாரும் சொல்லாமலே அவராகப் படிக்குக் கீழே போய் நின்றார். இந்தியா ஜெயித்தது. நம் ஊரில் ஒரு விஷயம் நிரூபணமாக அதற்கு மேல் என்ன வேண்டும்? பெரிய மேட்ச் என்றால் தெருவில் முதல் கேள்வி, "கண்டக்டருக்கு இன்னிக்கு டூட்டி தானே?" என்பதாகிவிட்டது. ஓய்வு நாளாக இருந்தால் அவரே டூட்டியை மாற்றிக்கொள்வார். முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது மோட்டார் பக்கம்.

அங்கே நின்றபடியே அவர் எல்லா மாற்றத்தையும் காதால் கவனித்தார். ஒரு காலத்தில் சிக்ஸ் அடித்தால் ஒரு சத்தம்தான் வரும், எங்கள் வீட்டிலிருந்து. கேபிள் வந்து வீட்டுக்கு வீடு டிவி ஆனதும் தெரு முழுக்கச் சத்தம். ரீப்ளே ஜாஸ்தியானபோது ஒரு கேட்ச்சுக்கு மூன்று தடவை கைதட்டினார்கள்; மூன்று விக்கெட் விழுந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். எதற்கெடுத்தாலும் மூன்றாவது அம்பயரைக் கேட்க ஆரம்பித்த பிறகு திடீர் திடீரென்று வீடு அமைதியாகிவிடும். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று படியிலிருந்து குரல் கொடுப்பார். தமிழில் வர்ணனை சொல்ல ஆரம்பித்ததில் இந்த மாவட்டத்திலேயே அதிகம் பயனடைந்தவர் என் மாமாதான். அதுவரை விளம்பரங்கள் மட்டும்தான் அவருக்குப் புரிந்துகொண்டிருந்தன.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் கோப்பையை ஜெயித்தபோது அவர் புதுச்சத்திரம் தாண்டி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தெருச் சங்கத் தலைவர் ஞானசேகரன் அவருக்குச் சால்வை போர்த்தினார். ஒரு மேட்சைப் பார்க்காததற்காகச் சால்வை வாங்கிய மனிதர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மாமா அதை மடித்து பீரோவில் வைத்தார். பெருமையாகத்தான் வைத்தார் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம். மோட்டார் பக்கம் நின்றால் ஒன்றும் கேட்கவில்லை. அதைவிட மோசம் பஸ். சீட்டுக்கு சீட் மேட்ச் ஓடும். மாமா கூரையைப் பார்த்தபடி டிக்கெட் கொடுத்தார். சில்லறை தவறிப் போனது, கண் தவறவில்லை. இரண்டாயிரத்து இருபத்து மூன்று உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா தோற்ற அன்று மட்டும் ஒரு தப்பு நடந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், பி.முட்லூர்ல ஒரு ஆள் ஏறினான். டிக்கெட் குடுக்கறப்ப அவன் போன்ல ஒரே ஒரு பால் பாத்துட்டேன். வேணும்னு பாக்கல."

ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஏனென்றால் விஷயம் கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் வெண்மதி, கபடி ஆட ஆரம்பித்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சீட் கிடைத்ததே கபடியால்தான். ஆறு வருஷமாக ஆடுகிறாள். மாமா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அவருடைய பஸ் நிற்கும் இடத்திலிருந்து மைதானம் நடந்து போகிற தூரம். மற்றப் பெண்களுக்கு அப்பாக்கள் வந்து கத்துவார்கள். இவர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து, ஆட்டம் முடிந்த பிறகு வாழைப்பழமும் குளுக்கோஸும் வாங்கிக்கொண்டு போவார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும்.

இந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். கல்லூரி அணி ஒரு போட்டியில் இறுதி வரை போய்விட்டது; இறுதி ஆட்டம் கேரளாவில். யூடியூப்பில் நேரடியாகக் காட்டுகிறார்கள். கிளம்புகிற அன்று பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, இதுக்கப்புறம் நான் ஆடுவனான்னு தெரியாது. தோத்தாலும் பரவால்ல. நீ பாக்கணும்."

"நான் பாக்காம இருந்தாதாம்மா உனக்கு நல்லது."

அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அக்கா என்னைத்தான் முறைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மாமா ஏதோ யோசனையோடு என் கடைக்கு வந்தார். நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. போன் சம்பந்தமான சந்தேகங்களையும் என்னிடம்தான் கேட்பார்.

"மச்சான், பஸ்ல ஒரு வேடிக்க பாத்தேன். ரெண்டு பசங்க ஒரே மேட்ச் பாக்குறானுவ. பின்சீட்டுக்காரன் அவுட்டுன்னு கத்துறான். முன்சீட்டுக்காரன் போன்ல பவுலர் இன்னும் ஓடியே வரலையாம். அது எப்பிடி?"

"நெட்ல வர்றது லேட்டாதான் மாமா வரும். அரை நிமிஷம், முக்கா நிமிஷம் ஆவும். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு மாதிரி."

"அப்ப போன்ல பாக்குறது ஏற்கெனவே நடந்து முடிஞ்சது?"

"ஆமா."

"நான் பாத்தாலும் பாக்கலன்னாலும் அது மாறாது?"

"மாறாது மாமா."

இன்னும் இரண்டு தடவை அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். அப்புறம் டீ சொல்லச் சொன்னார். முழுசாகக் குடித்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம். என் போனை டிவியில் இணைத்திருந்தேன். மாமா குளித்து, விபூதி பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். "அரை நிமிஷம் நிச்சயம்தானே?" என்றார். உள்ளே வந்து, சுவரோரமாக, அதே இடத்தில் உட்கார்ந்தார்.

உலகக் கோப்பைக்கு முப்பது கேமரா வைப்பார்கள். இதற்கு ஒன்று. அதன் முன்னால் பாதி நேரம் ஒரு நடுவருடைய முதுகு நின்றது. வர்ணனை கிடையாது, பக்கத்தில் யாரோ மலையாளத்தில் சாப்பாடு எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா இமைக்கவில்லை. வெண்மதி முதல் ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது, "இவளா? இவ்ளோ வேகமா?" என்றார். அக்காவிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், டிவியிடமும் கேட்டார். அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி ரெய்டு. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். வெண்மதி போனாள். காலை நீட்டினாள். நாலாம் நம்பர் பெண் கணுக்காலைப் பிடித்தாள், இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். முடிந்தது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மாமாவைப் பார்க்கப் பயந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நாம பாக்குறதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு இல்ல, மச்சான்?"

"ஆமா மாமா."

அவர் மூச்சை விட்டார். தலையை ஆட்டினார். அப்புறம் கேட்டார்.

"தொண்ணூத்தாறுல எவ்ளோ லேட்டா வந்திச்சி?"

அது சாட்டிலைட்டில் நேராக வந்தது. ஒரு வினாடி இருந்தால் அதிகம். எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்பல்லாம் இன்னும் ஜாஸ்தி மாமா. ஒரு நிமிஷத்துக்கு மேல."

அவர் அதை நம்பினார். நான் சொல்வதை அவர் என்றைக்குத்தான் நம்பவில்லை?

"அப்ப என்னை ஏன் மச்சான் வெளிய நிக்க வச்சே?"

சண்டை போடுகிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

போன் அடித்தது. வெண்மதி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, தோத்துட்டோம். அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நாலாம் நம்பர் பொண்ணு மொதல்லேர்ந்தே உன் காலத்தான் பாத்துக்கிட்டிருந்தா. நீ இடது பக்கம் போயிருக்கணும்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனும் லேட்டாகத்தான் கேட்கிறதோ என்று நினைத்தேன்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன். ஒண்ணு விடாம."

அவள் அங்கே ஓவென்று அழ ஆரம்பித்தாள். தோற்றதற்கான அழுகை இல்லை, அது எனக்கே தெரிந்தது.

நான் எழுந்து வெளியே போனேன். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே நின்றதே இல்லை. உள்ளே பேசுவது எல்லாம் நன்றாகக் கேட்கிறது. கண்ணுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.